துரைசாணி விட்டுப்போன கணப்படுப்பு

போன வாரம் என் கம்பளி மப்ளரை கேஸ் அடுப்புக்கு மேலே உலர்த்தப்போய் ஓரத்தைக் கருக்கிக்கொண்டேன். நாங்கள் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் மூன்று நாளாக விடாத மழை. வெயிலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாத கிழவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கம்பளி கருகும் நாற்றத்தை நீங்கள் முகர்ந்ததுண்டா? தலைமயிர் தீய்ந்தது போலிருக்கும். வீட்டில் எல்லோரும் ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். நான் மட்டும் அசையாமல் நின்றேன். எனக்குத் திரும்பவும் இருபத்திரண்டு வயது.

யுத்தம் நடந்த வருஷங்கள். வித்துராவுக்கும் மேலே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை யுத்தத்துக்குப் போயிருந்தார், அவர் மனைவி துரைசாணி சீமைக்குக் கப்பலேறிவிட்டாள். பூட்டிக் கிடந்த அவர்களுடைய பங்களாவில், எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நாஞ்சில்நாட்டு டாக்டரையும் அவர் மனைவி பகவதியம்மாளையும் குடிவைத்தார்கள். பகவதியம்மாளுக்கு அப்போது ஐந்து மாதம். முன்னறையில் ஆபீஸ் நடந்ததால் நானும் பகல் முழுக்க அங்கேதான்.

ஹாலில் ஒரு கணப்படுப்பு இருந்தது. குளிர்காயச் சுவருக்குள் கட்டி, புகை போக மேலே சிம்னி வைத்தது. எங்கள் அக்ரஹாரத்தில் புகை ஓட்டிடுக்கு வழியாகத் தன் இஷ்டப்படி போகும். அதற்கென்று ஒரு கோபுரமே கட்டுவார்கள் என்பது எனக்குப் புதிது. புதிதாக வந்த யாரும் அதில் தீ மூட்டவில்லை. ஆடி மாதத்துக் கர்க்கடக மழை தொடங்கியதும் அது நாறத் தொடங்கியது.

மழை நாளில் மட்டும்தான். கதவுகளைச் சாத்தி, பின்கட்டில் சமையலடுப்பு எரிய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வரும். முதலில் பழைய சாம்பல், பிறகு ஈரக் கரி, அதற்கும் அடியில் மயிர் கருகினாற்போல ஒன்று. கூடவே ஒரு குளிர்ந்த காற்று, யாரோ குனிந்து முகத்தருகே மூச்சு விடுவதுபோல. டைப் அடிக்கும் விரல்கள் தாமாக நின்றுவிடும்.

சமையல்காரி லட்சுமி காரணம் வைத்திருந்தாள். துரைசாணியின் குழந்தை அந்த ஹாலில்தான் ஜுரத்தில் இறந்ததாம். "மதாம்மை பிள்ளேட சாதனம் எல்லாம் அந்த அடுப்பில இட்டு எரிச்சுது. அந்தப் பிள்ளை இன்னும் போகல்ல" என்றாள். மதாம்மை என்று அவள் சொன்னது துரைசாணியை.

தைரியசாலியான நான் என்ன செய்தேன்? எட்ட நின்றபடியே தூபக்காலை நீட்டி சாம்பிராணி போட்டேன். அந்தப் புகையும் மேலே ஏறாமல் ஹாலுக்குள்ளேயே திரும்பி வந்தது. லட்சுமி அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கிவிட்டாள்.

பகவதியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே மஞ்சுப்பனி அடைத்துக்கொண்டிருக்க, கணப்படுப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சாமி, இது மயிரு கரியுத நாத்தம் இல்ல, கேட்டேளா. சின்னப்பிள்ளை உடுப்பு காயாம கெடக்குத மணமாக்கும்."

"உள்ள போய்ப் படுத்துக்கோங்கோ அம்மா" என்றேன்.

டாக்டர் தம் ராஜினாமாவை டைப் அடிக்கக் கொடுத்தார். அவர் போனால் மலையில் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க வேறு ஆளில்லை. மெஷினில் ரிப்பன் சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, வித்துராவிலிருந்து குட்டப்பன் மேஸ்திரியை வரவழைத்தேன்.

மேஸ்திரி கூரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "பேயொண்ணும் இல்ல சாமி. சிம்னிக்கு மூடி இல்ல. மழைவெள்ளம் இறங்கி, பழைய கரியெல்லாம் ஊறிக் கெடக்கு. கதவைச் சாத்தினா சமையலடுப்புக்குக் காத்து வேணுமல்லோ? அது இந்த வழியா இழுக்குது. அதாணு மணம்."

எனக்கு உயிர் வந்தது. அவர் அடுப்புக்குள் தலையை நுழைத்துச் சுரண்டினார். கரி கொட்டியது, ஒரு பறவைக்கூடு விழுந்தது. பிறகு மேலே உள்விளிம்பில் கையை விட்டவர் ஒரு பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தார்.

கம்பளியில் பின்னிய சின்னச் சட்டை, ஒரு ஜோடிக் காலுறை, குல்லா. ஓரங்கள் கருகி, நனைந்து ஊறியிருந்தன. துரைசாணி மற்றதையெல்லாம் எரித்தவள், இதை மட்டும் தீயில் போட்டுத் திரும்ப இழுத்திருக்கிறாள். எரிக்கவும் முடியாமல், கையில் வைத்துக்கொள்ளவும் முடியாமல், எட்டிய இருட்டில் செருகியிருக்கிறாள்.

மேஸ்திரி அதைத் தூர எறியப்போனார். "எறியாதியும். இங்க தாரும்" என்றாள் பகவதியம்மாள். தானே துவைத்து, மடித்து, தேயிலைச் சரிவில் அந்தக் குழந்தையின் பெயர் வெட்டிய கல்லறைக் கல்லின் அருகே புதைக்கச் செய்தாள். நான் குடை பிடித்தேன். திரும்பி வரும்போது, "பசிக்கு சாமி" என்றாள்.

மேஸ்திரி சிம்னிக்குத் தகரமூடி போட்டார். காய்ந்த விறகுதான் எரிக்க வேண்டும், சாம்பலை அன்றன்றே அள்ள வேண்டும், தீயில்லாத நாளில் அடுப்பின் வாயைப் பலகையால் மூட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே செய்தோம். நாற்றம் நின்றது. டாக்டர் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்.

அடுத்த மழைநாளில் பகவதியம்மாள் என் மேஜையருகே வந்து நின்றாள். "நாத்தம் போச்சு. ஆனா இப்ப ஹாலுக்குள்ள வந்தா, ஆளில்லாத வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு சாமி." எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பிரசவத்துக்கு அவள் மலையிறங்கினாள். பெண் குழந்தை, சுகப்பிரசவம். டாக்டருக்கும் ஊர்ப்பக்கமே வேலை கிடைத்துவிட்டது. அடுத்த கர்க்கடகத்தில் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஹாலில் தீ போடுகிறீர்களா என்று ஒரே கேள்வி. ஆபீஸ் அதற்குள் வேறு கட்டடத்துக்குப் போய், பங்களாவைப் பூட்டியாயிற்று. தினமும் போடுகிறோம் என்று பதில் எழுதினேன்.

பிற்பாடு எஸ்டேட் கைமாறியது. பங்களாவின் கதவுகள், ஓடுகள், உத்தரங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. கடைசியாக நான் போனபோது சிம்னியும் விழுந்திருந்தது. சரிவில் அந்தக் கல்லைத் தேடினேன். காடாக வளர்ந்துவிட்ட தேயிலைக்குள் இடமே தெரியவில்லை. ஹால் இருந்த இடத்தில் மழை நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.