ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு வரை

மூன்றாவது பெட்டியைத் திறக்கும்வரை நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் தேர்தல் அது. பர் துபாயில் ஓர் உணவகத்தின் மாடியில் வாக்கு எண்ணிக்கை. முதல் இரண்டு பெட்டிகளில் இருந்தவை கடைக்காரர்களும் குடும்பத்தோடு வாழ்பவர்களும் போட்ட ஓட்டுகள். மூன்றாவது பெட்டி சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவர்களுடையது. எங்கள் பக்கம் போட்டியிட்டவர் என் நண்பர். மீனா பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். அவருக்காகப் பிரசாரத்தைத் திட்டமிட்டு நடத்தியவன் நான். கட்டுமான கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் ஆவணங்களை வரிசைப்படுத்தி வைப்பது என் வேலை. திட்டமிடுவது எனக்குப் பழகிய விஷயம்.

"மச்சான், மூணாவது நம்ம பெட்டி. அதப் பத்திக் கவலையே படாத" என்று காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன்.

அவருக்குப் பதவி ஆசை இருந்ததில்லை. முந்தைய ஆண்டு கேம்ப்பில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தார். அவரைத் துணை ஆளோடு ஊருக்கு அனுப்ப, பொறுப்பேற்கிறோம் என்று சங்கம் ஒரு கடிதம் தர வேண்டியிருந்தது. தலைவர் மட்டுமே கையெழுத்துப் போடலாம் என்பது எங்கள் விதி. அப்போதைய தலைவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். பதினொரு நாள் நோயாளி ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் நண்பர் தினமும் கடையை மூடிவிட்டு அங்கே போவார். "எப்ப காக்கா அனுப்புவீங்க?" என்பதைத் தவிர அந்த மனிதர் வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். கையெழுத்துப் போட இரண்டாவதாக ஒருவர் வேண்டும், அந்த விதியை மாற்ற வேண்டும் என்றுதான் நண்பர் தேர்தலில் நின்றார். கேம்ப்பில் இருப்பவர்களுக்காக நின்றார் என்றே சொல்லலாம்.

இரண்டு பெட்டி முடிந்தபோது பதினைந்து ஓட்டு முன்னிலை. மூன்றாவது பெட்டியில் அறுபது சீட்டுகள். முதல் ஐந்தில் நான்கு எதிராளிக்குப் போயின. சீட்டுகளைக் கலக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இருபதாவது சீட்டைப் பிரித்தபோது என் பேனா கோடு போடுவதை நிறுத்தியிருந்தது. நண்பர் என்னைப் பார்க்காமல் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். முடிவில் எங்களுக்குப் பதின்மூன்று, அவர்களுக்கு நாற்பத்தேழு. பத்தொன்பது ஓட்டில் தோற்றோம். அந்த அறுபது பேரையும் அழைத்து வந்தது நாங்கள் பிடித்த பஸ்தான். திரும்பிப் போகவும் அதே பஸ்தான்.

காரில் ஏறியதும் நண்பர் சொன்னார்: "உன் நோட்ட எடு. படி."

படித்தேன். பத்து அறைகள், அறைக்கு ஆறு பேர். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. அறைக்குப் பன்னிரண்டு நிமிடம். செக்யூரிட்டியிடம் அனுமதி வாங்கி, ஐந்து பேராகப் போனோம். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. ஒவ்வொரு அறைக்கும் நேரே குறிப்பு எழுதியிருந்தேன். 'நல்ல வரவேற்பு. டீ கொடுத்தார்கள். எல்லாரும் போனை உடனே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.'

"அத இன்னொரு தரம் படி" என்றார்.

"எல்லாரும் போனை உடனே வைத்துவிட்டு..."

"யாரோட பேசிட்டிருந்தானுங்க?"

நான் அதை எழுதியிருக்கவில்லை.

மறுநாள் டியூட்டி முடிந்து கேம்ப் பஸ்கள் வந்த பிறகு சோனாப்பூருக்குப் போனோம். வேண்டாம் என்றேன்; தோற்றவன் காரணம் கேட்டுப் போவது மரியாதையில்லை என்றேன். நண்பர் கேட்கவில்லை. ஏழாவது அறையில் எங்கள் ஊர்ப் பிளம்பர் ஒருவர் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து கட்டிலில் இடம் ஒதுக்கினார்.

"யாருக்குப் போட்டன்னு கேக்க வரல தம்பி. எங்க தப்பு நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு" என்றார் நண்பர்.

பிளம்பர் தயங்கினார். "தப்பா எடுத்துக்கக் கூடாது காக்கா. முன்ன நமக்கு வெள்ளிக்கிழம லீவு. அன்னிக்கு ஊர்ல புள்ளைங்களுக்கு ஸ்கூலு. இப்பதான் ரெண்டு பக்கமும் சண்டே லீவு. இங்க பத்துன்னா அங்க பதினொண்ணர. கறிய அடுப்புல வச்சுட்டு வீட்டுல எல்லாரும் போன் முன்னாடி வந்து உக்காருவாங்க. அந்த நேரத்துலதான் நீங்க வந்து நின்னீங்க."

"பன்னெண்டு நிமிஷம்தானே?" என்றேன் நான்.

"உங்களுக்குப் பன்னெண்டு. எங்க ரூமுக்கு எப்ப வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்? வர்ற நேரத்துல போனும் கையுமா இருந்தா நல்லாவா இருக்கும்னு பத்து மணிக்கே வச்சிருவோம். நீங்க போனதும் கூப்பிட்டா அங்க சாப்பாட்டு நேரம். பய வெளையாட ஓடிருவான்."

"வேணாம்னு சொல்லிருக்கலாமே?"

"ரூமுக்கு வந்தவங்கள எப்படி காக்கா வேணாங்கறது?"

மேல் கட்டிலில் படுத்திருந்தவர் எட்டிப் பார்த்தார். "எம் மவ நாலு வாரமும் கேட்டா, 'அத்தா, அந்த எலெக்சன் மாமாங்க போயிட்டாங்களா'ன்னு. அவளுக்கும் ஓட்டு இருந்திருந்தா உங்களுக்கு டெபாசிட்டே போயிருக்கும்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தார். என்னால் முடியவில்லை. என் மனைவியும் பிள்ளைகளும் என்னோடு இங்கேதான் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் என்பது எனக்குக் கடைக்குப் போகும் நேரம்.

"அவரு எப்ப வந்தாரு?" என்று எதிராளியைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரே ஒரு நாள். கீழ மளிகைக்கடை வாசல்ல பத்து நிமிஷம் நின்னாரு. தயிர் வாங்கப் போனவங்க பாத்தாங்க."

திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் நண்பர், "அந்த நேரத்த ஏன்டா போட்ட?" என்றார்.

"அப்பதான் எல்லாரும் ரூம்ல இருப்பாங்கன்னு."

"கரெக்ட்தான்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில், இரண்டாவது கையெழுத்தைப் பற்றி மூன்று வரியில் ஒரு மனு எழுதச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு தேரா பகுதியில் இருந்த புதுத் தலைவரின் கடைக்கே போனோம். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் மனுவை இரண்டு முறை படித்தார். மறுத்துவிட்டால் அடுத்த தேர்தல்வரை, இன்னும் இரண்டு ஆண்டுக்கு, எதுவும் செய்ய முடியாது.

"ரெண்டாவது ஆளு வேணும். ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா அது நீங்க இல்ல. தோத்தவரு கையெழுத்துப் போட்டா நாளைக்கு எங்க ஆளுங்க என்னச் சும்மா விடுவாங்களா?"

நண்பரின் முகம் சிவந்தது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"கேம்ப்ல இருக்கற ஒருத்தர் போடட்டும்" என்றார் தலைவர் மெதுவாக. "நீங்களே ஆளச் சொல்லுங்க."

நண்பர் மனுவை என் பக்கம் தள்ளினார்.

"ஏழாம் நம்பர் ரூம் பிளம்பர். எழுது."

எழுதினேன். தலைவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். சாட்சியாக என் நண்பரும் போட்டார். இதை அந்தப் பிளம்பரிடம் சொல்ல வேண்டுமே என்று நான் போனை எடுத்தேன். அன்று ஞாயிறு, மணி பதினொன்று.

"வைடா கீழ" என்றார் நண்பர்.