அப்பாவுக்கு அளவான கோட்டு

அப்பா இறந்த மறுநாள் காலையில் அவருக்குக் கோட்டு வாங்க நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். கிறிஸ்தவ வேதக்காரர்களான எங்கள் வீடுகளில் ஆண்களுக்குக் கோட்டும் டையும் போட்டுத்தான் பெட்டியில் கிடத்துவார்கள். சவப்பெட்டி தரும் மலர்ச்சாலையிலேயே ஒன்று இருந்தது. நான்தான் பிடிவாதமாக வேண்டாம் என்றேன். என் கல்யாணத்துக்கு அப்பா இரவல் கோட்டில் வந்தவர். கை நீண்டு விரல்களை மூடியிருந்தது. "கையப் பின்னால கட்டிக்கங்க" என்று போட்டோக்காரர் அதட்ட, எல்லாப் படங்களிலும் தப்புப் பண்ணியவர்போல நிற்கிறார். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கடைசியாக ஒரு தடவையாவது அவர் அளவான கோட்டு போட வேண்டும்.

அந்தப் பெரிய கடைக்குள் நான் போனதே இல்லை. என் சப்பாத்துச் சேறு பளிங்குத் தரையெல்லாம் ஒட்டியது.

"மாப்பிள்ளைக்குங்களா?" என்றார் விற்பனையாளர்.

"எங்க அப்பாவுக்குங்க."

"கூட்டிட்டு வந்திருக்கலாமே. போட்டுப் பாத்தாத்தான் தோள் தெரியும்."

"அவரால வர முடியாதுங்க."

பையிலிருந்து அப்பாவின் நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஞாயிறு பூசைக்குப் போடுவது. விற்பனையாளர் அதை விரித்து, தோளையும் கையையும் நாடாவால் பொறுமையாக அளந்தார். பிறகு கருநீலக் கோட்டு ஒன்றை எனக்கே போட்டுப் பார்த்தார்.

"ஒங்களுக்கே தச்ச மாதிரி இருக்குங்க. அப்பாவும் ஒங்க சைஸ்தான்."

கண்ணாடியைப் பார்த்து, எவ்வளவோ நாளைக்குப் பிறகு ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தேன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் மலர்ச்சாலைக்காரர் அப்பாவுக்கு அதைப் போட்டுவிட்டார். தோள் இரண்டும் சரிந்தன. விரல்களைக் காணவில்லை.

"சைஸ் பெருசுங்க" என்றார்.

"அவரு சட்டைய வச்சு அளந்துதான் வாங்கினேன்!" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

சுவரோரம் இருந்த அம்மா நிமிர்ந்தார். "அந்த நீலச் சட்டையா? அது ஒன்னுதுடா. நீ வேணாமுன்னு போட்டுட்டுப் போனது. அவரு எப்ப புதுசு வாங்கினாரு?"



மலர்ச்சாலைக்காரர் மிச்சத் துணியை முதுகுப்பக்கம் இழுத்துக் குண்டூசி குத்தினார். கோட்டின் கைகளை உள்ளே மடித்துவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் கோட்டு எடுப்பாக இருக்கிறது என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

பெட்டியை மூடும் நேரத்தில் கோட்டின் ஒரு கை நழுவி, அப்பாவின் விரல்களை மூடியது. குனிந்து மடித்துவிட்டேன். மறுபடியும் இறங்கியது. அதற்குள் மூடிவிட்டார்கள்.