ஏறி வந்தவருக்குத் தண்ணீர்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும்.

1. மாநில எல்லைப் பக்கத்து மலையில் இருக்கும் ஓர் இருளர் ஊரிலிருந்து, இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த ஒருவர், கோலார் தங்கவயலில் நான் டெக்னீஷியனாக வேலை செய்யும் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்.
2. வாரம் இரண்டு முறை மலை இறங்கி ஏற முடியாது என்பதால் தங்கவயலிலேயே, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லைன் வீடு ஒன்றில் தனியாகத் தங்கினார். சனிக்கிழமை சிகிச்சை முடிந்தால் ஞாயிறு ஊருக்குப் போவார். திங்கள் இறங்கிவிடுவார். செவ்வாய் அடுத்த சிகிச்சை.
3. ஊருக்குப் போய்வந்த ஒவ்வொரு செவ்வாயும் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.
4. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு மேலே போய் ஊர்க்காரர்களிடம் பேசினேன்.
5. நான் சொன்னதை அவர்கள் அப்படியே கேட்டார்கள்.

ஐந்தாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிறுநீரகம் நின்றுபோனவர் குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை. காலில் தேங்கும், பிறகு நுரையீரலுக்கு ஏறும். மெஷினில் படுக்கவைத்து நான்கு மணி நேரத்தில் அதை உறிஞ்சி எடுக்கிறோம். அதிகம் இருந்தால் அவ்வளவையும் ஒரே தடவையில் எடுக்க முடியாது. ரத்த அழுத்தம் விழும், கெண்டைக்கால் சதை இழுத்துக்கொள்ளும், ஆள் கத்துவார். அதனால் எங்கள் பிரிவில் எல்லாம் எடை மெஷினில்தான் ஆரம்பிக்கும்.

"இன்னாண்ணா இது? மறுபடியும் இவ்ளோ ஏறிக்கிது?"

"நான் இன்னா பண்றது மேடம்? நானா குடிக்கல. குடுத்தாங்க."

"குடுத்தா, வேணாம்னு சொல்லத் தெரியாதா?"

அவர் சிரித்தார். "நீங்க எங்க ஊருக்கு வந்ததில்ல."

தைலமரம் வெட்டும் வேலை செய்தவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கவனித்துப் பார்ப்பார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் டிவி பார்ப்பார்கள். இவர் ஜன்னல் வழியாக, சுரங்கக் கழிவு குவிந்து உண்டான சயனைட் மேட்டைப் பார்த்து, "இதுக்கும் மலைன்னு பேரு வெச்சிகிறீங்களா?" என்று கேலி செய்வார்.

ஒரு திங்கட்கிழமை அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்தும் மூச்சு விட முடியவில்லை. வாயில் நுரை. அன்று பிழைத்துக்கொண்டார். அடுத்த தடவை நேரத்துக்கு வந்துசேர முடியாமல் போகலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அந்த வாரக் கடைசியில்தான் நான் கிளம்பினேன்.

பூதிகோட்டை பஸ்ஸில் ஏறி, வேறு ஒரு வண்டி மாறி, தக்காளித் தோட்டங்கள் முடியும் இடத்தில் இறங்கினோம். அதற்கு மேல் ரோடு இல்லை. வெட்டிய தைலமரக் கட்டைகளுக்கு நடுவே ஒரு தடம், பிறகு பாறை. யானை நடமாட்டம் இருப்பதால் பொழுது சாய்ந்தபின் யாரும் அந்தத் தடத்தில் இறங்குவதில்லை. வயிற்றுவலி என்றாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டும். அவர் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். ஒரு பாறையைக் காட்டி, "போன் பேசணும்னா இங்கதான். அதுக்கு மேல டவர் இல்ல" என்றார். எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். சுனை மறுபக்கச் சரிவில், கீழே இருக்கிறது. கோடையில் ஊறி வரும்வரை உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்களாம்.

மேலே கொஞ்சம் வீடுகள். அரசாங்கம் கட்டிக்கொடுத்தவற்றில் சில பாதியில் நின்று, கம்பி நீட்டிக்கொண்டிருந்தன. கரண்டுக் கம்பம் வந்திருந்தது, கரண்டு வரவில்லை. முதல் வாசலிலேயே ஒரு பெண் நிறைந்த சொம்போடு வந்து நின்றார். என்னோடு வந்தவரின் அக்கா. தம்பி அதை வாங்கி, அண்ணாந்து, கீழே வைக்காமல் குடித்து முடித்தார். அடுத்த வாசலில் இன்னொரு சொம்பு. அதற்கடுத்த வாசலில் இன்னொன்று. ஏறி வந்தவரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்காமல் அங்கே யாரும் விடமாட்டார்கள். ஒவ்வொன்றும் தலைச்சுமையாக வந்த தண்ணீர்.

எனக்கும் ஒரு சொம்பு வந்தது. அக்கா என் பையைப் பார்த்தார்.

"பாட்டில் கொண்டாந்துகிறியாமா?"

"இருக்குக்கா."

"எல்லாரும் கொண்டாருவாங்க. டீச்சரு, ஓட்டுக் கேக்க வர்றவங்க, கணக்கெடுக்க வர்றவங்க. அவங்க வூட்டுத் தண்ணிய அவங்களே குடிச்சிட்டுப் போவாங்க."

நான் சொம்பை வாங்கிக் குடித்தேன். சில்லென்று, மண் வாசனையோடு இருந்தது. முழுசாக முடித்ததும் யாரோ, "பரவால்ல, இது நம்ம பொண்ணுதான்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் அவர் வீட்டு வாசலில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினேன்.

ஒரு டம்ளரைக் காட்டி, கஞ்சி, குழம்பு எல்லாம் சேர்த்து அவர் ஒரு நாளில் எவ்வளவு குடிக்கலாம் என்று அளந்து காட்டினேன்.

"கோழிக்கு இதுக்கு மேல வெப்போம்" என்றார் அக்கா. சிரிப்பு எழுந்து, அடங்கியது.

"வீட்டுக்கு ஒரு வாய் குடிச்சிட்டு மீதியை வெச்சிடலாமே?" என்றேன்.

அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "கீழ இருந்து வர்றவங்கள்ல நல்லவங்க அப்படித்தான் பண்ணுவாங்க. எங்க மனசு நோவக் கூடாதுன்னு உதட்டுல வெச்சிட்டு கீழ வெச்சிடுவாங்க. அவங்க போனதும் நாங்க கொட்டிடுவோம்."

அவருடைய கணவர் தலை குனிந்திருந்தார். நான் திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னேன். நுரையைப் பற்றியும் சொன்னேன். அவர் அதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். கடைசியில் அக்கா கேட்டார்: "தண்ணியாலதான் எந்தம்பி சாவானா?"

"ஆமாங்கா."

"சரி. குடுக்கமாட்டோம். போ."

அடுத்த வாரம் அவர் தனியாகப் போய்வந்தார். செவ்வாய்க்கிழமை எடை சரியாக இருந்தது. எத்தனையோ மாதங்களில் முதல் தடவை. வீக்கம் இல்லை, மூச்சு சீராக இருந்தது.

"பாத்தீங்களா! சூப்பர்ணா!" என்று கத்தியே விட்டேன்.

அவர் படுக்கையில் ஏறிக் கையை நீட்டினார். நான் ஊசி போட்டு, ரத்தம் போய்வரும் குழாய் லைனை மாட்டினேன். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாரும் கூப்புடல மேடம்."

"புரியலண்ணா."

"கூப்ட்டா குடுக்கணும் இல்ல? அதான் கூப்புடல. எல்லா வூட்லயும் கதவு சாத்திகிது. பகல்ல எங்க ஊர்ல கதவு சாத்தி நான் பாத்ததே இல்ல. அக்கா உள்ளதான் இருந்தா, இருமறது கேட்டுது. 'யக்கா'ன்னு ஒரு வாட்டி கூப்ட்டேன். இருமலும் நின்னுபோச்சி."

"உங்களுக்காகத்தானே பண்றாங்க?"

"தெரியும். எம் பொண்டாட்டியும் வூட்ல கொடத்த ஒளிச்சி வெச்சிட்டு, நான் தூங்கினப்புறம் குடிக்கிறா. எல்லாம் எனக்காகத்தான்."

ரத்தம் லைனில் ஓடத் தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னும் இரண்டு மூன்று தடவை போய்வந்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, "இந்த வாரம் கால் வலி, போகல" என்றார். அடுத்த வாரம் மழை என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கதவைத் திறந்து வைத்து, தண்ணீர் மட்டும் கொடுக்காமல் இருக்கச் சொல்லலாம் என்று நினைத்து, அவர் மனைவி ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சொல்லியும் பார்த்தேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வாசல்ல நிக்கறவனப் பாத்துட்டு சும்மா எப்படிம்மா நிக்கறது? கை தானா கொடத்துக்குப் போவுது." அந்த டம்ளர் அளவை மாற்ற முடியாது. இன்று கேட்டாலும் அதே அளவைத்தான் சொல்வேன்.

இப்போது அவர் ஊர்தான் கீழே வருகிறது. மாதத்தில் ஏதாவது ஒரு செவ்வாய், அக்காவும் மனைவியும் இன்னும் யாராவது ஒருவரும் விடியற்காலையில் இறங்கி, வெயிலில் நடந்து, இரண்டு வண்டி மாறி வருகிறார்கள். வெளியே வராந்தாவில் தண்ணீர் ஃபில்டர் இருக்கிறது. "குடிங்கக்கா" என்று ஒருமுறை டம்ளரை நீட்டினேன். அக்கா உள்ளே தம்பியின் படுக்கை இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். உதடு வெடித்திருந்தது. தம்பி படுத்திருக்கும் அந்த நான்கு மணி நேரமும் அவர்கள் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை.

அவருடைய எடை சரியாக இருக்கிறது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. லைன் வீட்டில் தனியாக இருக்கிறார். மழைக்காலத்துக்குப் பிறகு அவர் மலை ஏறவில்லை.