தரைப்பாலத்தில் திரும்பிய கார்

இன்னாசிராஜ் கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். மனைவி காலமான பிறகு தனிக்கட்டை. ஒரே மகள் ஜெபிஷா குவைத்தில் நர்ஸ். காரில் ஏறுகிறவர்கள் எல்லாரும் இப்போது செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வதால், பகல் முழுக்க ஓட்டியும் நாலு வார்த்தை பேசாமல் வீடு திரும்புகிற நாட்கள் அவருக்கு உண்டு.

ஐப்பசியில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சுற்றுலாக் கப்பல் ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டு, சவாரி கிடைக்குமென்று போய் நின்றார். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்திருந்த பஸ்களில் பயணிகள் ஜோடி ஜோடியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மட்டும் பஸ் படிவரை போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இவருடைய காரை நோக்கி வந்தார். பினாங்குக்காரர், பெயர் பூங்கொடி.

பஸ் வழிகாட்டி பின்னாலேயே ஓடிவந்தான். "மேடம், எங்க பஸ் லேட்டானா கப்பல் காத்திருக்கும். தனியாப் போய் லேட்டானா காத்திருக்காது. அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க."

"தெரியும் தம்பி" என்று கதவைச் சாத்திக்கொண்டார் பூங்கொடி. கார் கிளம்பியதும் தானாகவே சொன்னார்: "ரெண்டு பேருக்குன்னு பதிவு பண்ண பயணம் அண்ணே. அவரு ஜூலையில தவறிட்டாரு. அந்த பஸ்ல எல்லா சீட்டும் ரெண்டு ரெண்டா இருக்கு."

எட்டயபுரம் அரண்மனையைப் பார்த்தார்கள். கரிசல் மண்ணைக் கண்டு பூங்கொடிக்கு ஆச்சரியம். மழை குடித்துக் கறுகறுவென்று கிடந்தது, அதில் உளுந்தும் மக்காச்சோளமும் பச்சை பிடித்து நின்றன. "இன்னும் உள்ள போய்ப் பார்க்கலாமா?" என்றார். வந்த வழியே திரும்பியிருந்தால் நேரத்தோடு போயிருக்கலாம். பேச்சுத்துணை கிடைத்த ருசியில் இன்னாசிராஜ் பசுவந்தனைப் பக்கம் வண்டியை விட்டார். பூங்கொடியும் நர்ஸாக இருந்தவர். ஆஸ்பத்திரிக் கதைகளை அவர் சொல்லச் சொல்ல, இவர் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்துக்குத் திரும்ப ஓட்டப்பிடாரம் போகிற வழியில் ஓடை பெருகித் தரைப்பாலத்துக்கு மேலே ஓடியது. இன்னாசிராஜ் காரை நிறுத்தினார். முன்னால் ஒரு டிராக்டர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை ஏறியது.

"அது போகுதே! நாமளும் போவோம்" என்றார் பூங்கொடி.

"அது சக்கரம் வேற, இது சக்கரம் வேற யம்மா. கார இழுத்துட்டுப் போயிரும்."

"கப்பல் போயிரும் அண்ணே!"

"போனாப் போவுது. உங்கள நான்லா ஏத்திட்டு வந்தேன், நான்லா பத்திரமாக் கொண்டுபோய் விடணும்."

பூங்கொடி கோபத்தில் கதவைத் திறந்து இறங்கினார். நடந்தே கடக்கப் போகிறவர்போல இரண்டடி வைத்தார். சேறு செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டது. அதைப் பிடுங்கக் குனிந்தவர் அப்படியே நின்று அழுதார். இன்னாசிராஜ் செருப்பை எடுத்து மழைத் தண்ணீரில் அலசிக் கொடுத்தார். பூங்கொடி அதைப் போட்டுக்கொண்டு வந்து ஏறிக்கொண்டார்.

திரும்பி எட்டயபுரம் சுற்றி நாற்கரச் சாலையைப் பிடித்தார்கள். துறைமுகம் சேர்ந்தபோது கப்பல் கடலில் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. கப்பல் ஏஜெண்டு, கப்பலில் இருந்து இறக்கிக் கொடுத்த பூங்கொடியின் பாஸ்போர்ட்டோடு வாசலில் நின்றிருந்தார்.

"பஸ் ஒண்ணு மழையில மாட்டிக்கிடுச்சு மேடம். அதுக்காகக் கப்பல் நின்னுச்சு. பஸ் வந்ததும் கிளம்பிட்டாங்க."

"பஸ்ஸுக்கு நின்னுச்சா?"

"கப்பல் ஏற்பாடு பண்ண பஸ் மேடம், அதான்."

பூங்கொடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னாசிராஜிடம் மெல்லச் சொன்னார்: "அவரு இருந்திருந்தா, என் பொண்டாட்டி வரலன்னு சத்தம் போட்டுக் கப்பலையே நிறுத்தியிருப்பாரு. எனக்காகக் கேக்க அந்தக் கப்பலுக்குள்ள யாரு இருக்கா?"

இன்னாசிராஜ் போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் மதுரை விமான நிலையத்துக்கும் அவரே கொண்டுபோனார். கொழும்புக்குப் பறந்து அங்கே கப்பலைப் பிடிக்க ஏஜெண்டு ஏற்பாடு செய்திருந்தார். பூங்கொடி வழியெல்லாம் தூங்கினார். இறங்கும்போது, "நேத்து அந்தத் தண்ணியில போயிருந்தா என்னாயிருக்கும் அண்ணே?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. நல்லபடியாப் போயும் சேந்துருக்கலாம்."

"இல்லாமலும் போயிருக்கலாம்" என்று சொல்லி, அவர் கையை ஒருதரம் பிடித்துவிட்டு உள்ளே போனார். போன் நம்பர் வாங்கிக்கொள்ள இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கொழும்பில் கப்பலைப் பிடித்தாரா என்பது இன்னாசிராஜுக்குத் தெரியாமலே போயிற்று.

தை மாதம் இன்னொரு கப்பல் வந்தது. அன்றும் துறைமுகத்துக்குப் போனார். கப்பலில் வந்த ஒரு கிழவர் தனியாக வந்து காரை விசாரித்தார். இன்னாசிராஜ் அவரைப் பஸ் வரைக்கும் கூட்டிப்போய், ஜன்னலோரம் உட்காரும்வரை பார்த்திருந்துவிட்டு, வெறும் வண்டியோடு கோவில்பட்டிக்குத் திரும்பினார்.