கரென் பாத்தி ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை

காலை ஆறு நாற்பதுக்குக் கல்லூரித் தோட்டத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது நடைபாதையில் கிடந்த கறிவேப்பிலைக் கன்று. வேரோடு பிடுங்கியிருந்தார்கள். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தும் அதில் போடாமல், நான் மிதிக்கிற இடத்தில் போட்டிருந்தார்கள்.

பர்மாவின் பூர்வகுடிகளின் செடிகளை மாணவர்களுக்குக் கற்றுத்தரும் தோட்டம் அது. கரென், சின், மோன், கச்சின் என்று இனத்துக்கு ஒரு பாத்தி. ஒருங்கிணைப்பாளர் நான். இந்த நாடு பூர்வகுடிகள் என்று ஏற்கும் இனங்களில் தமிழர் இல்லை; என் குடும்பம் நான்கு தலைமுறையாக யாங்கூனில் இருந்தும் இல்லை.

"சயாமா, உங்க பாத்தி எது?" என்று முன்பு ஒரு நாள் ஒரு கரென் மாணவி கேட்டாள். சயாமா என்றால் ஆசிரியை. தன் பாத்தி ஓரத்தில் அவளே இடம் விட்டாள். அங்கேதான் கன்றை நட்டிருந்தேன்.

பிடுங்கியவர் தாவரவியல் துறைத் தலைவி. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"கலா செடிக்கு இங்க என்ன வேலை?" என்றார் பர்மிய மொழியில், மாணவர்கள் காதில் விழும்படி. கலா என்பது இந்திய முகத்துக்கு இந்த ஊர் வைத்திருக்கும் வசவு.

"குழம்புல போடுற வேலைதான். உங்க வீட்டுல போடுறதில்லையா, சயாமா?"

மாணவர்கள் சிரித்தார்கள். அவர்கள் வகுப்புக்குப் போனதும் அவர் என் முழங்கையைப் பிடித்தார். அவருடைய அப்பா தமிழர். நகரின் தின்கன்ஜூன் பகுதியில் உள்ள அவர் வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அன்றுதான் முதல் முறையாக என்னிடம் தமிழில் பேசினார்.

"இந்தா பாரு. உனக்கு ஒரு செடி விட்டா, நாளைக்கு என் மூஞ்சியப் பாத்து, நீயும் கலாதானேன்னு கேப்பாங்க. தெரியாம நட்டுட்டேன்னு முதல்வர்கிட்ட சொல்லிடு. தோட்டம் உன்கிட்டயே இருக்கும்."

"சொல்லலைன்னா?"

"அப்புறம் நீ மம்பட்டியத் தொட முடியாது."

மதியம் முதல்வர் அறையில் ஆசிரியர்கள் கூடினோம். தெரியாமல் நட்டீர்களா என்று முதல்வர் கேட்டார். தெரிந்துதான் நட்டேன், திரும்பவும் நடுவேன் என்றேன். பிறகு துறைத் தலைவியின் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும் தமிழில் சொன்னேன்:

"காலைல என்கிட்ட பேசுனத இங்கயும் பேசுங்களேன், சயாமா."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் மேலுதட்டை ஒற்றிக்கொண்டார்.

"இவங்க பேசுறது எனக்குப் புரியல," என்றார் பர்மிய மொழியில்.

தோட்டம் இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது.