மோளம் அடிக்காத முதல் பாதி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடியில் பட்டாளத்து முகாம் போட்டிருந்தார்கள். ரயிலில் வந்து இறங்கும் பெட்டிகளை லாரியில் ஏற்றும் வேலை எனக்கு. காட்டுப்பாக்கத்திலிருந்து நாங்கள் கொஞ்சம் பேர் பூந்தமல்லி ரோட்டில் போய் நிற்போம், முகாம் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அந்த முகாம் மைதானத்தில் நடந்த ஒரு கால்பந்தாட்டத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நான் ஆட்டக்காரன் இல்லை. எனக்குப் பந்தை உதைக்கவே தெரியாது. நான் கத்துகிறவன்.

கத்துவதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். கனமான பெட்டியை நாலு பேர் தூக்க வேண்டுமென்றால் ஒருவன் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலுக்கு மற்றவர்கள் ஒன்றாகத் தூக்குவார்கள். எங்கள் கும்பலில் குரல் கொடுக்கிறவன் நான்தான். வயலில் குருவி ஓட்டி ஓட்டி வளர்ந்த தொண்டை. கூலிக்காரர்கள் சேர்ந்து கால்பந்துக்கு ஒரு கோஷ்டி அமைத்தபோது, மைதானத்துக் கரையில் நின்று கத்துகிற பொறுப்பும் என் தலையில் தானாக வந்து விழுந்தது.

எங்கள் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டால்தான் தெரியும். திருவேற்காட்டு மோளக்காரர் ஒருவர், அவரும் எங்களோடு பெட்டி தூக்குகிறவர்தான், ஆட்டத்தன்று மோளத்தோடு வந்துவிடுவார். அதோடு நாலைந்து கிருஷ்ணாயில் டின், சீழ்க்கை, ஊளை. எதிராளியின் கோல்காரனை அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவோம். அவன் பந்தை நன்றாகப் பிடித்துவிட்டால் இன்னும் ஒரு தலைமுறை சேர்த்துத் திட்டுவோம். எதிராளி நன்றாக ஆடினான் என்று கை தட்டுகிறவன் எவனும் எங்கள் கரையில் நிற்க முடியாது.

எங்கள் கோஷ்டியில் முன்னால் ஓடி ஆடுகிறவன் என் சிநேகிதன், மாங்காட்டுக்காரன். என் தங்கையைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று அவனுக்கு ஆசை. தங்கைக்கும் சம்மதம். அப்பாவுக்குத்தான் இல்லை. அவனுக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது, போதாததற்கு விளையாட்டு வேறு.

"பந்த ஒதைக்கிறவனுக்கா பொண்ணு குடுக்கச் சொல்ற?" என்பார்.

என் நச்சரிப்பு தாங்காமல் ஒரு நாள் இறங்கி வந்தார். "சரி, ஒரு தபா வந்து பாக்கறேன். எனக்குப் புடிக்கலன்னா அப்பால இத்தப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது." தையில் வேறு இடத்தில் பேசி முடிக்க அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஆக, அந்த ஒரு ஆட்டம்தான் எங்களுக்கு இருந்த வழி.

அவர் வர ஒப்புக்கொண்ட ஆட்டம், புதிதாக வந்து இறங்கியிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு. அவர்களுக்கு பூட்ஸ், எங்களுக்கு வெறுங்கால். அதுகூடப் பரவாயில்லை. என் சிநேகிதனிடம் ஒரு கோளாறு இருந்தது. சத்தம் இருந்தால்தான் அவனுக்குக் கால் ஓடும். என் குரலுக்கே பெட்டி தூக்கிப் பழகினவன். சத்தமில்லாவிட்டால், யாரோ தொலைத்த பொருளைக் கண்டெடுத்தவன் மாதிரி பந்தைக் காலில் வைத்துக்கொண்டு முழிப்பான். அதனால் அன்றைக்கு மோளம் இரண்டு கூடுதலாகவே சொல்லி வைத்திருந்தேன்.

ஆட்டம் ஆரம்பிக்கப் போகிற நேரம். எதிர்க்கரையில் இருந்த சிப்பாய்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். பாட ஆரம்பித்தார்கள். மெதுவாக, இழுத்து, ஒருவர் குரலும் தனியாகத் தெரியாமல். கத்துகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், அத்தனை ஆண்பிள்ளைகள் கூடி அவ்வளவு அடக்கமாகச் சத்தம் எழுப்பி நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

என் பக்கத்தில் எங்கள் செக்கர் நின்றிருந்தார். வந்த பெட்டிகளைச் சரிபார்க்கிறவர், பூந்தமல்லிக்காரர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், இங்கிலீஷ் தெரிந்தவர். பாட்டைக் கேட்டதும் அவர் முகம் மாறிப்போனது.

"இது அடக்கப் பாட்டுப்பா," என்றார். "எங்கப்பாவப் பொதைக்கச்சொல்லோ எங்க கோயில்ல இத்தான் பாடினாங்கோ."

"சாவா? யாரு?" என்றேன்.

"யாருன்னு தெர்லயே. பெரிய ஆபீசரா இருக்கும். இல்லாங்காட்டி இத்தினி பேரு எழுந்து நிப்பாங்களா?"

மோளக்காரர் குச்சியைக் கையில் எடுத்துவிட்டார். "சாவுன்னா அடிக்கத்தான வோணும்? இன்னா நைனா, சாவு மோளமா மாத்திக்கட்டா?"

செக்கர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "ஐயோ, வாணாம் அண்ணாத்தே! அவங்க சாவுக்கு சத்தமே ஆவாது. அடிச்சா, கேலி பண்றோம்னு நெனச்சிக்குவாங்கோ. துப்பாக்கி வச்சிகினு கீறவங்ககிட்ட நமக்கு இன்னாத்துக்கு வம்பு?"

சேதி கரை நெடுக ஓடியது. தலைப்பாகைகள் இறங்கின. டின்களைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

பாட்டு முடிந்ததும் எதிர்க்கரையில் சிரிப்பும் கூப்பாடும் ஆரம்பித்தது. எங்களுக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. "அவங்க வழக்கம் அப்டியோ இன்னாவோ," என்றார் செக்கர். எங்கள் கோல்காரன் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தபோது அவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். எங்கள் ஆளுக்கு, அவர்கள்! பாவம், துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினோம்.

என் சிநேகிதன் நான் பயந்தபடியே ஆடினான். பந்து காலுக்கு வரும்போதெல்லாம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஒன்று, இரண்டு, மூன்று கோல் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டோம்.

பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டார்கள். அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, குடையை விரித்தார்.

"இந்தக் கூத்துக்கா என்ன இம்மாந்தூரம் இட்டாந்த? நான் வரேன். சொன்னது ஞாபகம் கீதுல்ல?"

வீட்டில் காத்துக்கொண்டிருக்கிற தங்கையிடம் என்ன சொல்வது? யாரோ முகம் தெரியாத ஆபீசர் அன்றைக்குப் பார்த்தா சாக வேண்டும் என்று அந்த ஆபீசர் மேலேயே கோபம் வந்தது.

அப்போதுதான் அவர்களுடைய கோல்காரர் மைதானத்தின் குறுக்கே எங்களைப் பார்த்து நடந்து வந்தார். செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி. நாங்கள் என்ன தப்பு செய்தோமோ என்று எல்லாரும் எழுந்து நின்றோம். அப்பாகூட விரித்த குடையோடு நின்றுவிட்டார். வந்தவர் செக்கரிடம் ஏதோ கேட்டார். செக்கர் மெல்லிய குரலில், துக்கம் விசாரிக்கிற பாவனையில் பதில் சொன்னார். வந்தவர் முதலில் புரியாமல் விழித்தார். பிறகு இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார், சிரித்தார், அப்படிச் சிரித்தார்.

செக்கரின் முகம் கத்திரிக்காய் வதங்கின மாதிரி சுருங்கிவிட்டது.

"யாரும் சாவலயாம்பா," என்றார் எங்களிடம். "வருசா வருசம் அவங்க ஊர்ல பெரிய பந்தாட்டம் ஒண்ணு நடக்குமாம். ஆட்டத்துக்கு முன்ன ஜனமெல்லாம் எழுந்து நின்னு இத்தத்தான் பாடுவாங்களாம். இவுரு சின்னப் புள்ளயா இருக்கச்சொல்லோ அவங்கப்பா தோள்ல குந்திகினு பாடிகீறாராம். அப்பால, இந்தப் பக்கத்துலயே பெரிய கூச்சல் உங்களுதுன்னு சொல்லித்தான் எங்கள ஆட வச்சாங்க, ஏமாத்திட்டீங்களேன்னு கேக்கறாரு."

அந்த மனிதர் குனிந்து, மோளத்தின் தோலை விரலால் இரண்டு தட்டு தட்டினார். அடியுங்கள் என்பதுபோல் கையைக் காட்டிவிட்டுத் தன் கோலுக்குத் திரும்பிப் போனார். எதிராளி சத்தம் போடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு வந்த ஆட்டக்காரரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியை விவரிக்க எனக்குத் திராணி இல்லை. மூன்று மோளமும் ஒன்றாக விழுந்தன. முதல் பாதியில் அடக்கி வைத்ததையும் சேர்த்துக் கத்தினோம். அந்தக் கோல்காரருடைய பாட்டனையும் பூட்டனையும் மரியாதையாகவே இழுத்தோம், அவரும் கையை ஆட்டி வாங்கிக்கொண்டார். மோளச் சத்தத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குச் சாமியே வந்துவிட்டது. அவர் ஆடின ஆட்டத்துக்கு எதிர்க்கரையில் பெரிய கைத்தட்டல். ஆதரவு தெரிவிக்க நாங்கள் ஏற்பாடு செய்த நடனம் என்று நினைத்திருப்பார்கள்.

என் சிநேகிதனுக்குக் கால் வந்துவிட்டது. ஒரு கோல் போட்டான். அப்பா குடையை மடக்கினார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், குடைக் காம்பால் டின்னைத் தட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது கோலை அவன் மூன்று பூட்ஸ்காரர்களைத் தாண்டிக்கொண்டு போய் அடித்தான். அப்பா டின் மேல் ஏறி நின்றுகொண்டு, என் தொண்டை எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரிகிற மாதிரி கத்தினார்.

"எங்கூட்டு மாப்ளடா அவன்! புடிங்கடா பாக்கலாம்!"

காட்டுப்பாக்கத்து ஜனம் பாதி அங்கேதான் நின்றது. எல்லாரும் கேட்டார்கள். அப்பாவின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். மெதுவாக டின்னிலிருந்து இறங்கி, குடையைத் துடைக்க ஆரம்பித்தார். அத்தனை பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

ஆட்டத்தில் தோற்றோம், ஒரே ஒரு கோலில். முடிந்ததும் சிப்பாய்கள் எங்களைப் பார்த்து நின்று, தொப்பியைத் தூக்கி மூன்று தரம் ஆரவாரம் செய்தார்கள். தோற்றவனைப் பார்த்து எதற்கு ஆரவாரம்? எல்லாரும் செக்கரைத் திரும்பிப் பார்த்தோம். "இது இன்னான்னு என்னக் கேக்காதீங்கப்பா," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

தையில் மாங்காட்டில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே அந்தப் பட்டாளம் பர்மா சண்டைக்குப் புறப்பட்டுவிட்டது. அவர்கள் பெட்டிகளை ரயிலில் ஏற்றியவர்கள் நாங்கள்தான். நான்தான் குரல் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலம் கழிந்து அதே மைதானத்தில் ஒரு ஆட்டம். இந்தத் தடவை வேறு பட்டாளம். நாங்கள் இப்போது விவரம் தெரிந்தவர்கள். பாட்டு முடிந்த உடனே அடிக்க ஆரம்பித்துவிட வேண்டுமென்று மோளமும் டின்னும் தயாராக இருந்தன. அவர்கள் எழுந்து நின்று பாடத் தொடங்கினார்கள். அப்போது கூட்டத்தின் ஓரத்தில் அந்தச் செம்பட்டை முடியைப் பார்த்தேன். பட்டாளத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்தார். சட்டையின் இடது கை வெறுமையாக மடித்துக் குத்தியிருந்தது. எழுந்து நின்றார், தொப்பியைக் கழற்றினார், ஆனால் பாடவில்லை. சுற்றி எல்லாரும் பாட, அவர் வாய் மூடியே இருந்தது.

செக்கர் முன்பே அவரிடம் பேசியிருந்தார் போலிருக்கிறது. "அன்னிக்கு ஆடினவங்கள்ல இவுரும் இன்னொருத்தருந்தான் மிச்சமாம்," என்றார். அவர் அன்றைக்கு நடந்து வந்து கேட்டிருக்காவிட்டால் என் தங்கை வேறு வீட்டில் இருந்திருப்பாள்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் குச்சியைத் தொடவில்லை. மைதானத்துக்குள் நின்ற என் மச்சான் திரும்பி என்னைப் பார்த்தான். எங்கள் பக்கம் சத்தமில்லாததைக் கவனித்து அந்தச் செம்பட்டை முடிக்காரரும் திரும்பினார். மெதுவாக நடந்து வந்தார். இருந்த ஒரு கையால் மோளத்தின் தோலை இரண்டு தட்டு தட்டினார்.

மோளக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் அடிக்க ஆரம்பித்தார். முதல் அடியிலேயே எங்கள் ஜனத்துக்குத் தெரிந்துவிட்டது, அது சாவு மோளம். அன்றைக்கு அடிக்க விடாமல் தடுத்தோமே, அதே மோளம். ஒவ்வொரு தலைப்பாகையாக இறங்கியது. அந்த வெள்ளைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? ஆட்டத்துக்கான மோளம் என்றுதான் நினைத்திருப்பார். அந்த அடிக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு எங்களோடு நின்றார். செக்கர் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு என் மச்சான் ஒரு கோலும் போடவில்லை. ஏன் என்று அப்பாவும் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் டெலிவிஷனில் எந்தெந்த நாட்டு ஆட்டங்களையோ காட்டுகிறார்கள். கூட்டம் கூட்டமாக எழுந்து நின்று ஜனங்கள் பாடுகிறார்கள், என்ன கொண்டாட்டம் பார் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள், நான் மட்டும் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் நிற்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று தேடிக்கொண்டிருப்பேன்.