ஆறாயி தங்கிவிட்டாள்

கொழும்பு வெள்ளவத்தையில் ரிக்ஷா இழுத்துக்கொண்டிருந்த ராமையாவுக்கு ஆறாயி ஒரே மகள். இங்கிலிஷ் பள்ளிக்கூடங்களிலும் இனிச் சம்பளம் கட்டவேண்டியதில்லை என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில் அரசாங்கம் அறிவித்ததும், மகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"இங்கிலிஷ் படிச்சா நர்சு வேலைக்கிப் போவலாம் புள்ள. என் காலு ஓயிறதுக்குள்ள படிச்சிரு" என்றார்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு முடித்தவள் அவள். இங்கிலிஷ் தெரியாததால் சின்னப் பிள்ளைகளோடு கடைசி வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். அவளைவிட ஒரு முழம் குட்டையான அந்தப் பிள்ளைகள் அவளை விளையாடக் கூப்பிடவில்லை. அவள் வயதுப் பெண்கள் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இடைவேளையில் பாடத்தை முணுமுணுத்தபடி தனியே நின்றாள். நர்ஸ் ஆகிவிட்டால் அப்பா ஓடவேண்டியதில்லை. அந்த எண்ணம் ஒன்றே அவளுக்குத் துணை.

இரண்டாம் வருடம் ராமையாவுக்கு நெஞ்சில் நோய் கண்டது. நாலடி ஓடினால் மூச்சு வாங்கியது. கடலுக்கு அக்கரையில், இந்தியாவில் ஊரிலிருந்த அவர் தம்பி, வந்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினான்.

"ஊருல பள்ளிக்கூடமே இல்லியா? இவளயும் கூட்டிக்கிட்டுப் போயிருவோம்" என்றாள் அம்மா பழனியம்மா.

ராமையா வெகுநேரம் இருமினார். "நடுவுல விட்டா படிச்சதெல்லாம் வீணு. அவ இருக்கட்டும்."

'நீயும் வா' என்று அவர் சொல்லமாட்டாரா என்று ஆறாயி காத்திருந்தாள்.

ராமையாவின் ரிக்ஷாவில் வழக்கமாகப் போகிறவர் வக்கீலான பிரக்டர் யோகநாதன். அவர் வீட்டில் சமையலுக்கு உதவி செய்துகொண்டு ஆறாயி படிக்க ஏற்பாடாயிற்று. கோட்டை ஸ்டேஷனில், இந்தியக் கப்பலுக்குப் போகும் தலைமன்னார் ரயில் புறப்பட்டபோது அம்மா அழுதாள். அப்பா மகள் முகத்தைப் பார்க்காமல் மூட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

புது வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். ஆறாயி ஒருநாள் "என்னாங்க" என்றதும் அந்த வீட்டுப் பிள்ளைகள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து வாயை எண்ணித்தான் திறந்தாள்.

அந்த வருட முடிவில் அவளை இரண்டு வகுப்பு மேலே ஏற்றிவிட்டார்கள். ஓட்டமும் நடையுமாக வந்து யோகநாதனின் மனைவியிடம் சொன்னாள்.

"நல்லது பிள்ளை. ஐயா வந்திட்டார், தேத்தண்ணி வை."

நர்ஸ் பயிற்சியில் அவள் சேர்வதற்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. சேரத்தான் போகிறாள். அன்று குசினியில் கேத்திலை அடுப்பில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "ரெண்டு வகுப்பு ஏத்திட்டாங்கப்பா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.